மடித்த இலைகள்

என்னைப் பசுமணித் திட்டத்திலிருந்து வெளியே தள்ளியபோது வீட்டில் மூன்று நாள் யாரும் என்னோடு பேசவில்லை. யாரும் என்றால் என் மனைவி தன்யஸ்ரீதான். வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்.

நான் செய்த குற்றம் இதுதான்: ரத்தப் பரிசோதனைக்குப் போகிற வழியில் பேக்கரியில் நின்று ஒரு தேங்காய் பன்னும் டீயும் சாப்பிட்டேன். ஊரில் எல்லாரும் திரும்பி வருகிற வழியில் சாப்பிடுவார்கள். நான் போகிற வழியில் சாப்பிட்டுவிட்டேன்.

நாங்கள் இருப்பது கவுந்தப்பாடிப் பக்கம். சுற்றிலும் கரும்பு, தெருவுக்குத் தெரு நாட்டுச் சர்க்கரை மண்டி. நாற்பது வயதில் சர்க்கரை வியாதி வராமல் என்ன செய்யும்? வராதவனைப் பார்த்தால்தான் "உடம்புக்கு ஏதாச்சும் பிரச்சனைங்களா?" என்று விசாரிப்பார்கள். அதனால்தான் பசுமணிக் கம்பெனி ஆள் தேடி எங்கள் ஊருக்கு வந்தது.

பசுமணி என்பது பச்சைப் பயறு அளவில் ஒரு மாத்திரை. உள்ளே இருப்பது மருந்தல்ல, உயிர். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிருமியை ஒருமுறை விழுங்கினால் போதும், குடலில் குடியேறிவிடும். நாம் தின்கிற சர்க்கரையை அது தின்னும். தின்றுவிட்டு, கிரீன் டீ இலையில் இருக்கிற சத்தை அங்கேயே காய்ச்சி ரத்தத்தில் விடும். சர்க்கரை கூடினால் காய்ச்சுவதும் கூடும். "உங்க வயித்துக்குள்ள ஒரு டீக்கடை வெச்சுக் குடுக்கறமுங்க" என்று டாக்டர் ரித்விக் கூட்டம் போட்டுச் சொன்னார். கம்பெனிக்காக எங்கள் ஊரில் கிளினிக் நடத்தியவர் அவர்தான். ஊசி வேண்டாம், வேறு மாத்திரை வேண்டாம், நாக்கைக் கட்ட வேண்டாம். ஊரே கை தட்டியது. நானும்தான் தட்டினேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

முதல் வருடம் சோதனை. மணியை விழுங்கியவர்கள் மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போய் ரத்தம் கொடுக்க வேண்டும். எப்போதும் சாப்பிடுவது போலவே சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் எங்கள் ஊரில் டெஸ்ட் என்றால் என்ன அர்த்தம் என்று கம்பெனிக்காரனுக்குத் தெரியாது. டெஸ்ட் என்றால் பரீட்சை. மூன்று நாளைக்கு முன்பே வாயைக் கட்டிவிடுவோம். கொள்ளு ரசம், பாகற்காய்ப் பொரியல், வெந்தயத் தண்ணீர். வாழ்நாளில் நடக்காதவன்கூட அந்த மூன்று நாளும் கைவீசி நடப்பான். எங்கள் அப்பன் காலத்திலிருந்தே இப்படித்தான். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து "வெரி குட்" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் எதிர் பேக்கரியில் போய் ஜிலேபி. கையில் ஒட்டின பஞ்சைக்கூட எடுத்திருக்க மாட்டார்கள்.

எனக்கு அந்த நடிப்பெல்லாம் வராது. நான் பந்தல், சேர், பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன், சின்னதாக ஒரு மண்டபமும் உண்டு. ஊர் விசேஷம் அத்தனைக்கும் போய் நிற்கிறவன், விருந்தைப் பார்த்தால் விடமாட்டேன். எப்போதும் போலச் சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டுவிட்டுப் போனேன்.

"என்னங்க சர்வேஷண்ணா, ரத்தத்துல உங்க டீ அளவு மட்டும் இப்பிடி எகிறிக் கெடக்குது? ஊர்ல வேற ஒருத்தருக்கும் இப்பிடி இல்லீங்களே" என்றார் ரித்விக்.

"எப்பவும் போல சாப்டுட்டு வரச் சொன்னீங்க. வந்தனுங்க."

"அதுக்குன்னு பன்னுங்களா?"

"எப்பவும் பன்னுதானுங்க."

அவர் முகம் சுருங்கிப்போனது. "ஒழுங்கா இருக்கறவங்கள வெச்சாத்தானுங்க எங்க கணக்கு நிக்கும். தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லி, என் குடலில் இருந்த கிருமியைக் கொல்லக் கறுப்பாக ஒரு சிரப்பைக் கொடுத்து அனுப்பிவிட்டார். சாதாரண மருந்துக்கு அந்தக் கிருமி சாகாதாம். சளி பிடித்து மாத்திரை போட்டால் அதுவும் செத்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்களாம். இந்தச் சிரப்புக்கு மட்டும்தான் சாகும். ஊரில் அதற்குக் களைக்கொல்லி என்று பெயர் வைத்தார்கள். களைக்கொல்லி குடித்தவன் என்றால் வாயைக் கட்டத் தெரியாதவன் என்று அர்த்தம். கல்யாண வீட்டில் என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். நான் பழைய மாத்திரைக்கே திரும்பிவிட்டேன்.

தன்யஸ்ரீ அப்படியில்லை. ஒவ்வொரு மாதமும் வெரி குட். அவளுடைய அப்பாவுக்குச் சர்க்கரையில் ஒரு கால் போனது, பிறகு அடுத்த காலும் போனது. கடைசி இரண்டு வருடம் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியது இவள்தான். அதனால் டெஸ்ட் என்றால் அவளுக்கு விளையாட்டு இல்லை. மூன்று நாள் பத்தியத்தில் உப்பு ருசி பார்க்கக்கூட நாக்கை நீட்ட மாட்டாள். மற்ற நாளில் ராணி மாதிரி சாப்பிடுவாள். பசுமணி இருக்கிறதே, கையில் ஒட்டின சர்க்கரை மீட்டர் எதைத் தின்றாலும் பச்சையைத்தான் காட்டும். சோதனை முடிந்து மணி கடைக்கு வந்தபோது (மாத டெஸ்ட் அதற்குப் பிறகும் தொடர்ந்தது) கம்பெனி அவளைத்தான் படம் பிடித்தது. பஸ் ஸ்டாண்டில் பனைமர உயரத்துக்கு அவள் படம், கையில் ஜிலேபித் தட்டு. நான் வண்டியில் போகும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து அண்ணாந்து பார்ப்பேன். பெருமையாகத்தான் இருந்தது.

நாலாவது வருடம் அவள் மெட்டி இறுகியது.

முதலில் சோப்புப் போட்டுக் கழற்றப் பார்த்தாள். வரவில்லை. கடைசியில் ஆசாரியைக் கூட்டி வந்து வெட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது. விரல் மட்டுமல்ல, கால் முழுக்க வீங்கியிருந்தது. காலையில் முகம் உப்பிக் கண் சிறுத்துப் போயிருக்கும். சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டல். ரித்விக்கிடம் போனோம். அவள் அப்போதும் மூன்று நாள் பத்தியம் இருந்துவிட்டுத்தான் வந்தாள், சொல்லவா வேண்டும். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"கிட்னி சித்தே தளர்ந்திருக்குதுங்க. பழைய சக்கரையோட வேலை. ஆனா உங்க டீ அளவு பாருங்க, வெரி குட். சொல்லப்போனா கம்மியாத்தான் இருக்குது. ரெண்டாவது மணி ஒண்ணு போட்டுக்கலாமுங்க."

தன்யஸ்ரீ சந்தோஷமாகத் தலையாட்டினாள். எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. என் அக்கா மகள் ஆதினி கோயம்புத்தூரில் கிட்னி டாக்டர். அவளைக் கேட்காமல் எதுவும் வேண்டாம் என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆதினி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தாள். அத்தையின் காலை அழுத்திப் பார்த்தாள். அழுத்தின இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. ரிப்போர்ட்டுகளை எல்லாம் போனில் புரட்டினாள். அந்தச் சமயத்தில் தன்யஸ்ரீ உள்ளேயிருந்து தட்டில் வெல்லக் கச்சாயம் கொண்டுவந்து வைத்தாள்.

"சாப்புடு கண்ணு. உனக்குன்னு சுட்டேன். எனக்கும் போன வாரம் பூரா வாய் செத்துப்போச்சு, டெஸ்டு வந்துச்சல்ல" என்றாள்.

ஆதினியின் கை தட்டுக்குப் போகாமல் நின்றது. "டெஸ்டு வந்தா என்னங்கத்தை?"

"டெஸ்டுக்கு முன்னாடி பத்தியம் இருக்கோணுமல்ல? எல்லாருந்தான் இருப்போம். நீயென்ன புதுசாக் கேக்கற?"

"எல்லாருமேவா? ஆரம்பத்துல சோதனை நடந்தப்பவும்?"

"உங்க மாமனத் தவிர எல்லாரும்" என்று சொல்லி அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆதினி எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். வேப்ப மரத்தடியில் நின்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு?"

"மாமா, கிரீன் டீச் சத்து நல்லதுதான். நான் ஒரு டம்ளர் டீயப் பத்திச் சொல்லல. ஆனா அதையே குமிச்சுக் குடுத்தா, சக்கரையில அடி வாங்குன கிட்னிக்கு ஆகாதோன்னு ரொம்பக் காலமாவே ஒரு சந்தேகம் இருக்குது. எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. நல்ல எலி தாங்கிக்கிச்சு. சக்கரை எலிக்குக் கிட்னி போயிருச்சு."

"அப்பறம் எப்பிடி இந்த மணிய ஊருக்கெல்லாம் குடுத்தாங்க?"

"மனுசங்ககிட்ட அந்த அளவு ஏறவே இல்லைன்னு கம்பெனி காட்டுச்சு. உங்க ஊரு ரத்தத்த வெச்சுத்தான் காட்டுச்சு. எல்லாரும் பத்தியம் இருந்துட்டுப் போயிருக்கீங்க. அந்தக் கிருமிக்கு அன்னிக்குத் தீனியே இல்ல, என்னத்தக் காச்சும்? மத்த நாள் பூரா அது வெள்ளமாக் காச்சிட்டு இருந்திருக்குது. பன்னுத் தின்னுட்டுப் போன ஆளு ஒருத்தர். அவரையும் ஒழுங்கில்லைன்னு அனுப்பிட்டாங்க."

"இனிமே தெனமும் பத்தியம் இருந்தா?"

"கொஞ்சமாக் காச்சும், நிறுத்தாது. சோறும் சக்கரைதான மாமா. அந்தச் சிரப்புத்தான் வேணும். அதுவும் சீக்கிரம். அத்தைக்கு இன்னும் கொஞ்சம் கிட்னி மிச்சமிருக்குது, அதக் காப்பாத்திரலாம்."

கண்ணாடிச் சில்லு மாதிரி அந்த வார்த்தை எனக்குள் இறங்கியது. மிச்சமிருக்குது. அதற்குப் பிறகு எனக்கு வேறு எந்த யோசனையும் இல்லை. சிரப்பு வேண்டும். என்னை அவமானப்படுத்தக் கொடுத்த அதே கறுப்புச் சிரப்பு.

ஆனால் அது எங்கே கிடைக்கும்? மணி கடைக்கு வந்த கையோடு சிரப்பைப் பூட்டி வைத்துவிட்டார்கள். அரசாங்கம் போட்ட கமிட்டி ஒன்று இருந்தது, அது உத்தரவு போட்டால்தான் கம்பெனி தரும். ஆதினி தனியாக மனுக் கொடுத்தாள். ரிப்போர்ட் எல்லாம் வெரி குட்டாக இருக்கிறது, ஒரு ஆளுக்காகத் திறக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். டீ அளவைப் பார்க்கிற கருவியும் கம்பெனியிடமும் கமிட்டியிடமும் மட்டும்தான் இருந்தது. அவள் விடவில்லை, ஏறி இறங்கிச் சண்டை போட்டாள். கடைசியில் ஒரு வழி விட்டார்கள்: முதல் சோதனையில் இருந்தவர்களில் நாற்பது பேர் ஒரே நாளில் வயிறாரச் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் கமிட்டி வண்டி வந்து ரத்தம் எடுக்கும். பாதிப் பேருக்கு மேல் அளவு தாண்டினால் சிரப்பைத் திறந்துவிடுவார்கள்.

"இவ்வளவுதானே" என்றேன். சாப்பாடு போடுவது ஒரு வேலையா? எங்கள் ஊரில் சாப்பிட ஆள் கிடைக்காதா?

பக்கத்து வீட்டுக் கவின் எனக்குத் தம்பி முறை. மணி விழுங்கினவன், மஞ்சள் வியாபாரி, பேச்சில் கெட்டிக்காரன். அவனே வீடு வீடாக வந்து ஆள் பிடித்துக் கொடுத்தான். எல்லாரிடமும் ஆதினி சொன்னதை அப்படியே சொன்னோம். எல்லாரும் "அடப்பாவமே" என்றார்கள். தன்யஸ்ரீயின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்களுக்காக ஒரு வேளை திங்க மாட்டமுங்களா?" என்று கேட்ட பெண்ணின் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

என் மண்டபத்தில் என் பாத்திரத்தில் என் செலவில் விருந்து. பருப்புப் பூரணம் வைத்த ஒப்புட்டு, ஜிலேபி, பால் பாயசம், நெய் மணக்கிற சர்க்கரைப் பொங்கல். நானே அடுப்படியில் நின்றேன்.

"என்ன விசேஷமுங்க?" என்று வழியில் போகிற ஒருவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"இந்த ஊரோட கிட்னிங்க" என்றேன். அவர் போய்விட்டார்.

கமிட்டி வண்டி பத்து மணிக்கே வந்து மண்டப வாசலில் நின்றுகொண்டது. பஸ் அளவுக்கு வெள்ளை வண்டி. கமிட்டி அதிகாரி ஒரு அம்மா, கூடவே ஆட்களை அடையாளம் காட்ட டாக்டர் ரித்விக். அந்த அம்மா பந்தி நடக்கிற இடத்துக்கு வந்து நிற்பதாகச் சொன்னார். கவின்தான் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான், "மேடம், சாப்புடற எடத்துல வேத்தாளு நின்னு பாத்துட்டு இருந்தா கண்ணு படுமுங்க. யாருக்கும் தொண்டையில எறங்காது. நீங்க வண்டியில உக்காருங்க, எளனி கொண்டாறச் சொல்றேன்." அந்த அம்மாவும் நாகரிகம் தெரிந்தவர். ரித்விக்கைக் கூட்டிக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார்.

பந்தி உட்கார்ந்தது. தன்யஸ்ரீ ஓரமாக உட்கார்ந்தாள். அவளுக்கு மட்டும் எங்கள் கொல்லைச் செவ்வாழையில் இலை அறுத்து வந்திருந்தேன், நடுத்தண்டு சிவந்து அழகாக இருக்கும். நானே குனிந்து மூன்று ஒப்புட்டு வைத்து நெய் ஊற்றினேன்.

"தின்னு புள்ள. இன்னிக்கு நீ தின்னாத்தான் நான் பொழப்பேன்" என்றேன்.

"திங்கறனுங்க. நீங்க போயி மத்தவங்களப் பாருங்க" என்றாள்.

ஓடி ஓடிப் பரிமாறினேன். ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வைத்ததை எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். அடுப்படிக்குப் போய்ப் பாயச வாளியை நிரப்பிக்கொண்டு வருவதற்குள் முதல் வரிசையில் இலையை மடித்துவிட்டார்கள். அதற்குள்ளா என்று நினைத்தேன். எங்கள் ஊர் ஆட்கள் சாப்பாட்டில் வேகம்தான். சாப்பிட்டவர் மனம் நிறைந்தது என்று காட்ட இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும். நாற்பது இலையும் அப்படித்தான் தன் பக்கமாக மடித்துக் கிடந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன், முட்டாள்.

மத்தியானம் ஒவ்வொருவராக வண்டிக்குள் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். கடைசி ஆள் இறங்கும்போது இலை எடுக்கிற பெண் வந்து கூப்பிட்டாள். "அண்ணா, தொட்டியத் தூக்க முடியலீங்க. ரெண்டு ஆளு அனுப்புங்க."

நாற்பது பேர் சாப்பிட்ட எச்சில் இலைத் தொட்டியை ஒரு பெண்ணே இழுத்துவிடலாம். இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரியும். நான் போய் மேலே கிடந்த ஒரு இலையைப் பிரித்தேன். உள்ளே இரண்டு ஒப்புட்டு முழுசாக, ஜிலேபி முழுசாக. அடுத்ததைப் பிரித்தேன், அதுவும் அப்படியே. பைத்தியம் பிடித்தவன் போல ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பொங்கலில் விரல் பட்ட தடம்கூட இல்லை. கொஞ்சம் ரசச் சோறு மட்டும் தொட்டிருந்தார்கள். கீழே சிவப்புத் தண்டு தெரிந்தது. அதைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பிரித்தேன். மூன்று ஒப்புட்டும் இருந்தது. ஒன்றில் மட்டும் ஓரமாக ஒரு விள்ளல் கிள்ளி, அதுவும் அங்கேயே கிடந்தது.

அந்த இலையைக் கையில் ஏந்திக்கொண்டு வண்டிக்கு ஓடினேன். "மேடம், இது செல்லாதுங்க! யாருமே திங்கலீங்க! வந்து பாருங்க, தொட்டி பூரா அப்பிடியே கெடக்குது!"

அந்த அம்மா இறங்கி வந்தார். என் கையில் இருந்ததையும் தொட்டியையும் பார்த்தார். நல்ல மனுஷிதான். மரத்தடியில் நின்ற கூட்டத்தைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார், "எல்லாரும் சாப்பிட்டீங்களா?"

யோசித்துப் பாருங்கள். விருந்து போட்டவன் எதிரே நிற்கிறான். வெளியூரிலிருந்து வந்த பெரிய அதிகாரி சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு இல்லை என்று எவனாவது பதில் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பட்டினியாக வந்தவன்கூட "ஆச்சுங்க" என்றுதான் சொல்வான்.

"சாப்டமுங்க! வயிறு நெறைய!" என்றது கூட்டம். "இவரு அதிகமாப் பரிமாறிட்டாருங்க, அதான் மிச்சம்" என்று கவின் சேர்த்துச் சொன்னான்.

அந்த அம்மா தன்யஸ்ரீ பக்கம் திரும்பினார். "நீங்கம்மா? மனு உங்களுக்காகத்தான். நீங்க சாப்பிட்டீங்களா?"

நான் தன்யஸ்ரீயைப் பார்த்தேன். சொல்லிவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினேன். ஒரே ஒரு வார்த்தை. அவள் என் கையிலிருந்த இலையைப் பார்த்தாள், அதிகாரிக்குப் பின்னால் நின்ற ரித்விக்கைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"சாப்டனுங்க" என்றாள்.

வண்டியிலேயே முடிவு வந்துவிட்டது. நாற்பது பேரில் ஒருவருக்கும் அளவு தாண்டவில்லை. ரித்விக் தன்யஸ்ரீயிடம் வந்து குனிந்து, "வெரி குட்மா" என்றார். அந்த மனுஷன் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். மனதாரச் சொன்னார். அந்த நோயிலும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனதை நான் பார்த்தேன்.

ஆதினி அப்போது கோயம்புத்தூரில் வார்டில் இருந்தாள். போனில் சொன்னபோது "இனி இந்த மனுவ யாரும் எடுக்க மாட்டாங்க மாமா" என்றாள்.

தன்யஸ்ரீயிடம் நான் மூன்று மாதம் அந்த இலையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் அடித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அதற்குள் கிட்னி முழுசாக நின்றுவிட்டது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். மாற்றுக் கிட்னி வைத்தாலும் உள்ளே கிருமி இருக்கிறவரை அதையும் தின்றுவிடும் என்று ஆதினி சொல்லிவிட்டாள். ஒருநாள் மெஷினில் ரத்தம் சுற்றிக்கொண்டிருக்கும்போது தன்யஸ்ரீயே ஆரம்பித்தாள்.

"என்ற மேல கோவமுங்களா?"

"பின்ன? கொஞ்சுவாங்களா உன்ன?" என்றேன். "ஏம்புள்ள? உன்ற உசுருடி அது. ஏன் திங்கல?"

"திங்கத்தான் உக்காந்தனுங்க. ஒரு விள்ளல் கிள்ளீட்டேன். நிமுந்தா ஜன்னல்ல அந்த வண்டி தெரிஞ்சுது. ரத்தம் எடுக்கப் போறாங்கன்னு நெனச்சதும் கை அப்பிடியே நின்னு போச்சுங்க. வாய் தொறக்கல. எங்கப்பாரு ஞாபகம் வந்துருச்சு." மூச்சு வாங்கினாள். "அப்பறம் நெனச்சேன், மத்தவங்கல்லாம் திங்கறாங்கல்ல, பாதிப் பேரு போதும்னாங்கல்ல, நான் ஒருத்தி திங்காட்டி என்னாகும்னு."

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெட்டி இல்லாத விரல்கள் சில்லிட்டிருந்தன. அழுதேன், நர்ஸ் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதேன்.

ஆடி மாதத்தில் அவள் போய்விட்டாள். எரித்துவிட்டு வந்த அன்றைக்கு, முன்பு என் விருந்தில் இலை முன்னால் உட்கார்ந்தவர்களில் பல பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் போனதும் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து காதருகில் குனிந்தார்கள். "மத்தவங்க சாப்புடுவாங்கன்னு நெனச்சனுங்க" என்றார் ஒருவர். "அக்காவாவது தின்னுருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள் அன்றைக்குக் கண்ணீர் விட்ட பெண். எல்லாரும் ஒரே பதிலை எங்கிருந்து படித்துக்கொண்டு வந்தார்கள் என்று தெரியவில்லை. யாரையும் திட்டுவதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

கருமாதி அன்றைக்கு அதே மண்டபத்தில் இலை போட்டேன். பஸ் ஸ்டாண்டில் அவள் படத்தை இறக்கி வேறு ஒரு பெண்ணின் படம் ஏற்றியிருந்தார்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். வடை பரிமாறியாகிவிட்டது. பாயச வாளியை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டேன். அவளுக்குப் பிடித்த பால் பாயசம். ஒவ்வொரு இலையாக ஊற்றிக்கொண்டே கவினிடம் வந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் ஆழமாகத் தெரிந்தது.

"கவினு, காலப் பாத்தியா?"

"அலைச்சலுங்கண்ணா" என்றான். கரண்டியைச் சாய்த்தேன். அவன் சட்டென்று இரண்டு கையையும் இலைமேல் விரித்து மூடிக்கொண்டான்.

"வேண்டாமுங்கண்ணா. நாளைக்கு டெஸ்டு."

வரிசையைப் பார்த்தேன். எனக்கு அந்தப் பக்கம் இன்னும் ஊற்றாத இலைகளின் மேலெல்லாம் கைகள் மூடிக்கொண்டு வந்தன. என் மனைவியின் கருமாதியில்.

"கைய எடு" என்றேன்.

"அண்ணா, நாளைக்கு..."

"கைய எடுடா!"

எடுக்கவில்லை. அவன் கைமேலேயே ஊற்றினேன். ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி. பாயசம் விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டில் இறங்கியது, ஒரு முந்திரி அவன் மோதிரத்தில் தங்கி நின்றது. கவின் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. துக்க வீட்டுக்காரனைக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று தெரிந்தவன். மெதுவாக எழுந்து குழாயடிக்குப் போனான். சோப்பை எடுத்து, ஒரு சொட்டு இனிப்புக்கூட மிஞ்சாதபடி, இரண்டு கையையும் முழங்கைவரை கழுவினான்.